மரப்பெண்ணின் கன்னத்து வெடிப்பு

அந்த மரப்பெண்ணின் இடது கன்னத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. கண்ணோரத்தில் மயிரிழையாகத் தொடங்கி, கன்னத்தின் நடுவே ஒரு நெல்மணி நுழையும் அளவுக்கு அகன்று, தாடையைத் தாண்டிக் கழுத்துக்குள் போய் மறையும். அந்த ஒரு வெடிப்பை வரைந்து முடிக்க எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்கு முன்பு நான் எந்த முகத்தையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. என் அப்பாவின் முகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கலைப்பொருள்களைப் பத்திரப்படுத்தி, பெட்டி அடித்து, வெளிநாடுகளுக்கு அனுப்பிவைக்கும் ஒரு சிறிய கம்பெனியில், ஷார்ஜாவில், அப்போது வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். அதற்குப் பிறகு ஓவியக் கல்லூரி. "படம் போடுறதுக்கெல்லாமா காலேஜு?" என்று கேட்ட சொந்தக்காரர்களின் முன்னால், அந்தப் படிப்பைக் காட்டியே விசா வாங்கி விமானம் ஏறினேன். ஷார்ஜாவின் முவைலா பகுதியில் நாங்கள் நான்கு பெண்கள் தங்கியிருந்த அறையில், என் கட்டிலுக்கு மேலே, பட்டச் சான்றிதழின் நகலை ஒட்டிவைத்திருந்தேன். மற்றவர்கள் கடவுள் படம் ஒட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் அதைக் கழற்றவில்லை.

ஓர் அமெரிக்க அம்மாள் எங்களிடம் வந்தார். எழுபதைத் தாண்டியவர். அவருடைய கணவர் சவூதியில், அல் கோபாரில் எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவர். பாதி ஆயுளை அங்கே கழித்துவிட்டு அபுதாபிக்கு வந்து, அங்கே அவர் இறந்துபோக, அம்மாள் மட்டும் ஊருக்குத் திரும்பப் போகிறார். அந்தக் கணவர் ஒவ்வொரு முறை லீவுக்கு அமெரிக்கா போகும்போதும் ஒரு மரச்சிற்பம் வாங்கிக்கொண்டு வருவாராம். நாம் ஊரிலிருந்து ஊறுகாய் எடுத்துவருவதுபோல. அவை எதுவும் பெரிய சிற்பிகள் செய்தவை அல்ல. அந்த நாட்டுத் தச்சர்களும் மீனவர்களும் விவசாயிகளும் தங்கள் தேவைக்குச் செதுக்கி வண்ணம் பூசியவை. காற்றுத்திசை காட்டக் கூரையில் நிறுத்திய சேவல். காற்றடித்தால் இரண்டு கையையும் சுழற்றும் ஒரு போலீஸ்காரன். வாத்து வேட்டைக்காரர்கள் ஏரியில் மிதக்கவிடும் மர வாத்துகள். பிறகு, ஒரு பாய்மரக் கப்பலின் மூக்கில், கடலைப் பார்த்தபடி பொருத்தப்பட்டிருந்த அந்தப் பெண். மார்புவரைதான் இருப்பாள். நீலச் சட்டை, மஞ்சள் கூந்தல், நெஞ்சின்மேல் ஒரு கை.

எல்லாம் அம்மாளின் ஊரில் இருக்கும் ஒரு சின்ன மியூசியத்துக்குப் போக வேண்டும். போகும் முன் ஒவ்வொன்றையும் நீர்வண்ணத்தில் வரைந்து தர வேண்டும் என்றார்.

"போட்டோ எடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிரும், மேடம்," என்றார் எங்கள் மேனேஜர்.

போட்டோவை மியூசியம் போனதும் அங்கே எடுத்துக்கொள்வார்கள் என்றார் அம்மாள். ஆனால் படமும் வேண்டும். அவர் நாட்டில் முன்பு வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில், பிழைப்பற்ற ஓவியர்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்து இப்படிப்பட்ட பழைய சாமான்களை ஊர் ஊராக வரையவைத்ததாம். அந்தப் படங்களைச் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறார். "ஒரு பொம்மையை ஒருவர் அவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது" என்றார். என்னிடம் அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்று. "அழகாக்காதே. இருப்பதை வரை. இல்லாததையும் வரை." இல்லாதது என்றால் உதிர்ந்த வண்ணம், உடைந்த அலகு, பூச்சி தின்ற துளை.

அப்படித்தான் வரைந்தேன். உருவத்தின் அளவெடுத்து, உண்மையான அளவிலேயே பென்சிலில் கோடு. பிறகு தண்ணீராகக் கரைத்த வண்ணம், ஒன்றின்மேல் ஒன்றாக, காயவிட்டுக் காயவிட்டு. வெளிச்சம் விழும் இடத்தில் வெள்ளை பூசக் கூடாது. காகிதத்தின் வெண்மையையே விட்டுவைக்க வேண்டும். ஒருமுறை மூடிவிட்டால் அந்த வெளிச்சம் திரும்ப வராது. மரத்தின் ரேகைகளை, ஈரமில்லாத பிரஷ்ஷின் நுனியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பேன். ஒரு மர வாத்தின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த புள்ளிகள் இருந்தன. அவற்றை வரைந்த அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். என் கை சொன்னபடி கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் அப்பா வேலை பார்த்த கேரேஜை மூடினார்கள்.

என் சிறுவயதில் அப்பா என்றால் லீவுக்கு வந்துபோகும் ஆள். வந்த புதிதில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவரைப் பார்ப்பேன். பழகி, பக்கத்தில் போய் உட்காரத் தொடங்கும்போது லீவு முடிந்திருக்கும். அடுத்த லீவில் மறுபடி கதவு. என்னைப் படிக்கவைத்தது அவருடைய சம்பளம். அவரை நான் அறிந்தது போனில்தான். நான் ஷார்ஜாவுக்கு வந்த பிறகும், அவர் அபுதாபிப் பக்கம் தொழிலாளர் கேம்பில். லீவு நாள் ஒத்துவந்தால் பார்ப்போம், பஸ் ஸ்டாண்டில் டீ குடிப்போம், அவர் "சாப்டியா, தூங்குனியா" என்று கேட்பார், பிரிவோம்.

கேரேஜ் மூடியதும் அவர் ஊருக்குத்தான் போக வேண்டும். வயது அறுபதை நெருங்கிவிட்டது; போனால் இனி எந்தக் கம்பெனியும் அவருக்கு விசா போடாது. நான் மேனேஜரிடம் போய் நின்றேன். வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள், அன்று கேட்டேன். பெட்டி அடிக்க, தூக்க, துடைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்பா ஹெல்பராக வந்து சேர்ந்தார்.

அப்போதுதான் நானும் என் அப்பாவும் முதல்முறையாக ஒரே இடத்தில், தினமும், ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தோம். இந்தக் கதையில் நான் இழந்ததும் அதைத்தான்.

மதியம் கிடங்கின் பின்பக்கம், லாரிகள் வந்து நிற்கும் மேடையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் திருநெல்வேலிக்காரர் ஒருவரும் சேர்ந்துகொள்வார். ஒருநாள் ஆசையாக நண்டு வாங்கி, அறையில் சமைத்து எடுத்துப்போனேன். அப்பா லீவுக்கு வரும்போதெல்லாம் அம்மா முதல் நாள் நண்டுக் குழம்புதான் வைப்பாள். அப்பா குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டு நண்டை ஒதுக்கினார்.

"ஏம்ப்பா, நல்லா இல்லியா?"

"நல்லாருக்குத்தா."

"அப்புறம்?"

"எனக்கு நண்டு புடிக்காதுத்தா. சின்னப் புள்ளைலேர்ந்தே."

"அம்மா அத்தன வருஷமா வச்சுக் குடுத்துச்சே!"

"அவ ஆசையா வச்சா. வந்த அன்னைக்கே போயி புடிக்கலன்னு சொல்லவா? அம்மாட்ட சொல்லிறாத."

திருநெல்வேலிக்காரர் நண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அண்ணாச்சி, இத்தன வருசம் நடிச்சிருக்கீரு. சினிமாவுக்குப் போயிருந்தா எங்கயோ போயிருப்பீரு."

அப்பாவைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. அவர் இடது கையால் டீ குடிப்பார். பூனைக்குப் பயப்படுவார். யாரும் கேட்காதபோது மூக்கால் பாடுவார். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டேன்.

நான் வரைவதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும். வேலை இல்லாத நேரத்தில் என் மேசைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார். மர வாத்து எதற்கு என்று கேட்டார். வேட்டைக்காரன் இதைத் தண்ணீரில் மிதக்கவிடுவான். மேலே பறக்கும் வாத்துகள், நம் ஆள் ஒருத்தன் நிம்மதியாக நீந்துகிறான், இங்கே பயமில்லை என்று நம்பி இறங்கும். அவன் சுடுவான் என்றேன்.

"அட, நம்ம ஊரு ஏஜென்டு பண்ணுன வேலையில்ல இது!"

"அப்பம் நீரு எந்த வாத்து அண்ணாச்சி?" என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர். "மெதக்குததா, விழுந்ததா?"

"மொதல்ல விழுந்தேன். அப்புறம் மெதந்தேன். என்னயப் பாத்து என் மச்சினன்ல வந்து எறங்குனான்."

மூவரும் சிரித்தோம். அந்த மாமா கத்தாரில் ஒரு சைட்டில் கீழே விழுந்து இடுப்பு உடைந்து ஊருக்குப் போனவர். அப்பா சிரித்து முடித்ததும் வாத்தின் கழுத்தை ஒருமுறை தடவிவிட்டுப் போய்விட்டார்.

மரப்பெண்ணின் கன்னத்தை நான் வரைந்தபோதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இந்த வெடிப்பையுமா போடுற? பொம்பளப் புள்ள மூஞ்சில?"

"இருக்கிறத எல்லாம் போடணும்ப்பா. ஒரு கீறல் விடாம. அதுதான் வேலையே."

"ஓ," என்றார். "ஆக்ஸிடென்டு வண்டிக்கு ரிப்போட்டு எழுதற மாதிரி."

"ஆமா, அப்படித்தான்," என்றேன், தலையைத் தூக்காமல்.

அவருடைய தொழில் என்ன என்பதை நான் அப்போது யோசித்திருக்க வேண்டும். முசஃபாவில் அவர் பெயிண்டர். அடிபட்ட வண்டிக்குப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு இழைத்து, கலர் அடிப்பார். வெயிலில் வெளுத்த வண்டிக்கு ஒரு கதவை மட்டும் மாற்றினால் புதுக் கலர் துருத்திக்கொண்டு தெரியும். அதனால் கலரையே வெளுத்த கலராகக் கலக்க வேண்டும். அதில் அவர் பெயர்பெற்றவர். இந்த ஊரில் ஒரு சட்டம் உண்டு: போலீஸ் வந்து, அடிபட்ட இடத்தையெல்லாம் குறித்து, காகிதம் கொடுக்காமல் எந்த கேரேஜும் வண்டியைத் தொடக் கூடாது. அவருடைய வாழ்க்கை முழுக்க, ஒருவர் அடியைப் பதிவு செய்வது எதற்காக என்றால், அடுத்தவர் அதைச் சரிசெய்வதற்காக. வேறு எதற்காக ஒரு மனிதர் இத்தனை பாடுபட்டு ஒரு வெடிப்பைக் குறித்துவைப்பார்?

படங்களை எல்லாம் முடித்து அம்மாளின் வீட்டில் கொடுப்பதற்காக நான் அபுதாபி போயிருந்த நாளில் அது நடந்தது. மரப்பெண்ணைப் பெட்டிக்குள் இறக்கும்போது, வெடிப்பின் கழுத்துப் பக்க ஓரத்தில் ஏற்கெனவே தளர்ந்திருந்த வண்ணச் சில்லு ஒன்று உதிர்ந்துவிட்டது. சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. ஃபோர்க்லிஃப்ட்காரர் மேனேஜரிடம் சொல்லலாம் என்றாராம். அப்பா வேண்டாம் என்றிருக்கிறார். கேரேஜில் நம் கையில் ஒரு வண்டிக்குக் கீறல் விழுந்தால், வண்டிக்காரன் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும். சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. அதுவும் இது மகள் பொறுப்பில் இருக்கும் பொருள். ரிப்போர்ட்டும் எழுதியாகிவிட்டது.

அன்று மாலையும், எனக்கு லீவாக இருந்த மறுநாளும் உட்கார்ந்து அவர் அந்த வெடிப்பை முழுக்க மூடினார்.

பொருள்களைப் பெட்டியில் பூட்டும் முன் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க அம்மாள் வந்தார். ஒவ்வொரு சிற்பத்தின் பக்கத்திலும் அதன் படத்தை வைத்து, மூக்குக் கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு, மாறிமாறிப் பார்த்தார். சேவல் சரி. போலீஸ்காரன் சரி. வாத்துகளின் முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் தலை நிமிர்ந்தது. அப்பா பெட்டிகளின் பக்கத்தில், கையில் திருப்புளியோடு, மூடிகளை முடுக்கக் காத்து நின்றார். அவர் கேட்கும்படியாக ஒருவர் என்னைப் பாராட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது.

மரப்பெண்ணிடம் வந்ததும் அம்மாள் நின்றுவிட்டார். படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி படத்தை.

"இந்த வெடிப்பு எங்கே?" என்றார் ஆங்கிலத்தில்.

நான் குனிந்து பார்த்தேன். வெடிப்பு இல்லை. கன்னம் கண்ணிலிருந்து தாடைவரை ஒரே சீராக, பழைய வண்ணத்தோடு, பழைய அழுக்கோடு இருந்தது. பக்கத்தில் இருந்த சின்னக் கீறல்கள்கூட அந்த இடத்தில் தொடர்ந்து போயின. அந்த வெடிப்போடு ஒரு வாரம் வாழ்ந்திராவிட்டால், நானே அப்படி ஒன்று இருந்ததில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். பெட்டிப் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்துவிட்டது.

மேனேஜர் முந்திக்கொண்டார். "ஆர்ட்டிஸ்ட் ஏதோ கூடக் கொறச்சுப் போட்டிருப்பாங்க, மேடம். திருப்பி வரையச் சொல்லிடலாம்."

அம்மாள் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "நீ கற்பனையாகச் சேர்த்தாயா?" என்று மெதுவாகக் கேட்டார். கணவர் போனபின் அந்த முகத்தை அவரே உற்றுப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. கண்பார்வையும் குறைந்திருந்தது. தன் ஞாபகத்தையே நம்ப முடியாதவர்போல் நின்றார்.

ஆமாம், நான்தான் தவறாக வரைந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெட்டி மூடப்படும். அப்பா நாளைக்கும் மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். நான் வாயைத் திறந்தேன். அதிலிருந்து எது வந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏனென்றால் அப்பா முந்திவிட்டார்.

"மேடம்," என்றார். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். "பிக்சர் கரெக்ட், மேடம். பிக்சர் நோ மிஸ்டேக். க்ராக் இருந்துச்சு. மீ புட்டி. மீ பெயிண்ட். மை டாட்டர் ட்ரூ பிக்சர்."

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான வளைகுடா வாழ்க்கையில் அவர் பேசிய மிக நீளமான ஆங்கிலம் அதுவாகத்தான் இருக்கும்.

அம்மாள் கையுறையைக் கழற்றிவிட்டு, மரப்பெண்ணின் கன்னத்தில் கட்டைவிரலை வைத்துக் கண்ணிலிருந்து தாடைவரை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. பக்கத்தில் இருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அல் கோபாரில் அவர்கள் வீட்டு வாசலுக்கு உள்ளே அந்தப் பெண் நின்றாளாம். கணவர் தினமும் வேலைக்குப் போகும்போது அந்த வெடிப்பில் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் கதவைத் திறப்பாராம். "அவருடைய விரல் பட்டுப்பட்டு அதன் ஓரம் வழவழப்பாக இருந்தது" என்றார். ஓரத்தில் மட்டும் வண்ணம் இல்லாமல் மரம் மினுங்கியதை நான் வரைந்திருந்தேன். எதனால் என்று தெரியாமலே.

அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார், ஏதோ அவை இன்னும் எதையாவது செய்துவிடும் என்பதுபோல.

அம்மாள் அவரை வேலையைவிட்டு எடுக்கச் சொல்லவில்லை. எடுக்க வேண்டாம் என்றுதான் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டார். ஆனால் வேறொருவருடைய பொருளைத் தொட்டுத் திருத்திய ஆளை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலைச் செய்ய முடியாது என்றார் மேனேஜர். அவர் சொன்னதில் தவறு காண எனக்கு வழியில்லை. "ஃபைல் போயாச்சு. கலாஸ், முடிஞ்சுது," என்றார். அப்பாவின் விசா கேன்சல் ஆனது.

அம்மாள் என்னிடம் இன்னொன்று கேட்டார். மரப்பெண்ணின் முகத்தை, இப்போது இருக்கிறபடி, இன்னொரு முறை வரைய வேண்டும். "இதுவும் அவளுக்கு நடந்ததுதான்."

அப்பாவுக்கு டிக்கெட் வரும்வரை நான் அதை வரைந்தேன். கேன்சல் ஆனவர் கிடங்குக்குள் வரக் கூடாது. சாலைக்கு அந்தப் பக்கம் கஃபடேரியா நிழலில் உட்கார்ந்திருப்பார். மதியம் நான் அங்கே போவேன். முதல் நாள் என்னால் சாப்பிட முடியவில்லை.

"ஏம்ப்பா சொன்ன? நான் பாத்துருப்பேன்ல? பேசாம நிக்க வேண்டியதுதான?"

அதுவரை அவரை நான் நீ என்று சொன்னதில்லை. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"உம்படம் தப்புன்னான்ல அந்தாளு."

"சொல்லிட்டுப் போறான். இன்னொரு படம் போடுவேன்."

"போடுவ. தப்பாப் போடுறவன்னு பேரு வந்தா அது போவுமாத்தா?" பரோட்டாவைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். "வண்டிக்குப் பட்டி வச்சு மறைக்கிறது எந்தொழிலு. ஒன்னய மறைக்கிறதுக்கா படிக்கவச்சேன்? தின்னு."

பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல்: "அந்தம்மா வீட்டுக்காரரு வெரல் வச்ச எடம்னு யாரு கண்டா. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நமக்குக் கேட்டுப் பழக்கமில்ல."

உள்ளே போய் உட்கார்ந்து வரைந்தேன். இல்லாத ஒன்றை வரைவதற்கு எனக்குப் பழக்கம் இருந்தது. ஆனால் மூடப்பட்டதை எப்படி வரைவது? பூதக்கண்ணாடியில் பார்க்கப் பார்க்க அப்பாவின் வேலை தெரியத் தொடங்கியது. மர ரேகைகளை அவர் ஊசியால் கீறியிருந்தார். வண்ணம் மங்கலாகத் தெரிய டீத் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றியிருக்கிறார். அதைப் பிறகு கேட்டபோது அவரே சொன்னார். உப்புத்தாளால் ஒரே திசையில் இழைத்திருந்தார். கண்ணோரத்தில் அந்த மயிரிழை தொடங்கும் இடத்தில் மட்டும், பட்டியை விரல்நுனியால் அழுத்தியிருக்கிறார். அவருடைய ரேகையின் இரண்டு மூன்று வளைவுகள் அங்கே படிந்திருந்தன. அதையும் வரைந்தேன். ஈரமில்லாத பிரஷ், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஏர்போர்ட்டில் அப்பாவிடம் ஒரே ஒரு பெட்டிதான். வழக்கமாக லீவுக்குப் போகிறவர்கள் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளோடு வரிசையில் நிற்க, அவர் கையை வீசிக்கொண்டு நின்றார். "அடுத்த லீவுக்கு வந்துரு," என்றார். எப்போதும் நான் அவரிடம் சொன்ன வார்த்தை அது. கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். பார்க்கவில்லை. என்னை அழவைக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அல்லது வழி தவறிவிடும் என்ற பயமாகவும் இருக்கலாம். அறிவிப்புப் பலகைகளை அவர் மெதுவாகத்தான் படிப்பார்.

சில மாதங்கள் கழித்து அம்மாளிடமிருந்து ஓர் உறை வந்தது. மியூசியத்தில் பழைய பொருள்களைப் பராமரிக்கும் ஒரு பெண், என் முதல் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டியைத் துளித்துளியாக எடுத்துவிட்டாராம். வெடிப்பு திரும்பிவிட்டது. ஓரத்து வழவழப்பும் கீழே அப்படியே இருந்ததாம். முதல் படம் மியூசியத்தில் இருக்கும்; இரண்டாவதில் இருப்பது இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை, அதனால் உனக்குத் திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார்.

இந்த ஆண்டு லீவில் அதை ஊருக்கு எடுத்துப்போனேன். பஸ்ஸைவிட்டு இறங்கியவளைக் கூட்டிப்போக அப்பா வந்திருந்தார். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அம்மா நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். அப்பா ஒரு நண்டுக் காலை எடுத்துக் கடித்தார். என்னைப் பார்க்காமல்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார். முசஃபாவில் அவர் சரிசெய்த வண்டிகள் எத்தனையோ. அவற்றில் அவர் கை பட்டது தெரிந்தால் அது கெட்ட வேலை. எங்கேயும் எதிலும் அவர் இல்லை.

"எங்கத்தா நான் பட்டி வச்சது? தெரியலையே."

"தெரியாதுப்பா. நல்லா உத்துப் பாரு. கண்ணு ஓரத்துல."

கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். கண்டுபிடித்துவிட்டார் என்பது அவர் தோளில் தெரிந்தது. கட்டைவிரல் தானாக அந்த இடத்தை நோக்கிப் போய், காகிதத்துக்கு மேலே, ஒரு நூல் இடைவெளியில் நின்றது.

"தொடலாமா?"

"தொடுப்பா. உன் கைதான அது."

அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

"வேணாத்தா," என்றார். "கை ஈரமாருக்கு."